பீரங்கிச் சாலையில் சைக்கிள்: மலைப் பூங்காக்களில் சக்கரத்துக்கு எந்த வழி?

இத்தாலியின் வடமேற்கு மூலையில், துரின் நகருக்கு மேற்கே, சூசா பள்ளத்தாக்கையும் கிசோனே பள்ளத்தாக்கையும் பிரித்து நிற்கும் மலைமுகட்டின் மீது ஒரு சரளைச் சாலை ஓடுகிறது. அசியெத்தா சாலை என்று பெயர். 30 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம். அதில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேலே கிடக்கிறது. வடக்குச் சரிவில் கிரான் போஸ்கோ தி சால்பெர்த்ராந்த் இயற்கைப் பூங்காவின் ஃபிர், ஸ்புரூஸ் காடுகள். கிழக்கு முனையில் ஓர்சியேரா-ரோச்சாவ்ரே இயற்கைப் பூங்கா. இரண்டும் 1980-ல் அமைந்தவை. சாலை அவற்றுக்கு மூத்தது. பீரங்கியும் கோவேறு கழுதையும் ஏறுவதற்காக ராணுவம் வெட்டிய வழி அது.

ராணுவம் போய்விட்டது. கோடையில் பனி உருகியதும் மாடு மேய்ப்பவர்களும் நடைப்பயணிகளும் மோட்டார் சைக்கிள்காரர்களும் அந்த வழியில் ஏறுகிறார்கள். அவர்களோடு தடித்த டயர் பூட்டிய சைக்கிள்களும் ஏறுகின்றன. பாதுகாக்கப்பட்டது என்று சட்டம் அறிவித்த மலையில் சைக்கிள் எந்த வழியில் போகலாம், எந்த அளவுக்குப் போகலாம், அல்லது போகவே கூடாதா? அரை நூற்றாண்டாகப் பல நாடுகள் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகள் சொல்லி வந்திருக்கின்றன. சரளைச் சாலைகளைத் தேடிப் போகும் 'கிராவல்' சைக்கிள் பரவிய பிறகு, அந்த விடைகளை எல்லாம் மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது.

சாலைகள் எதற்காக வந்தன

மலைப் பூங்காக்களில் உள்ள சரளைச் சாலைகளில் சைக்கிளுக்காக வெட்டப்பட்டவை மிகக் குறைவு. மேற்கு ஆல்ப்ஸில் அவை பெரும்பாலும் போரின் மிச்சம். 1747 ஜூலை 19 அன்று அசியெத்தா முகட்டில், அப்பகுதியை ஆண்ட பியெமோந்தேயின் படை, எண்ணிக்கையில் மிகுந்த பிரெஞ்சுப் படையைத் தடுத்து நிறுத்தியது. பிரெஞ்சுத் தளபதி பெல்-இல் அங்கேயே மாண்டார். பின்னர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை, பிரான்ஸ் எல்லை நெடுகிலும் இத்தாலி கோட்டைகளையும் அவற்றுக்கான சாலைகளையும் கட்டியது. சுமை இழுக்கும் விலங்குகளுக்குச் செங்குத்து ஆகாது. அதனால் பொறியாளர்கள் சரிவைத் தணித்து, கொண்டை ஊசி வளைவுகளை அடுக்கி, கல்லால் தாங்குசுவர் எழுப்பினார்கள். அன்று கழுதைக்காகப் போட்ட அந்தச் சரிவுக் கணக்கினால்தான், இன்று மனிதர் மிதித்தே ஏறக்கூடியவையாக இச்சாலைகள் பெரும்பாலும் இருக்கின்றன.

பிற இடங்களில் வேறு காரணங்கள். நார்வேயின் ரல்லர்வேகன், ஓஸ்லோவையும் பெர்கனையும் இணைக்கும் ரயில்பாதையைக் கட்டிய கூலித் தொழிலாளர்களுக்காக 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போடப்பட்ட வழி. அதன் உச்சி 1343 மீட்டர். கலிஃபோர்னியாவின் மலைகளில் காட்டுத்தீயை அணைக்கும் வண்டிகளுக்கான சாலைகள். இத்தாலியின் பர்தோனெக்கியா ஊருக்கு மேலே ஏறத்தாழ 3000 மீட்டர் வரை ஏறும் சொம்மெய்யேர் சாலை, 1960-களில் பனியாற்றின் மீது கோடைப் பனிச்சறுக்கு நடத்துவதற்காக வந்தது. பனிச்சறுக்கு நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. சாலை மட்டும் இருக்கிறது.

சைக்கிளுக்கும் சரளைக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1910-ல் டூர் தி பிரான்ஸ் முதன்முறையாகப் பிரனீஸ் மலையின் தூர்மலே கணவாயைக் கடந்தபோது, வீரர்கள் ஏறியது கல்லும் மண்ணுமான வழியில். பிறகு ஐரோப்பியக் கணவாய்கள் ஒவ்வொன்றாகத் தார் பூசிக்கொண்டன. 1997-ல் தஸ்கனியின் கயோலே ஊரில் தொடங்கிய லெரோய்க்கா ஓட்டம், மறைந்துகொண்டிருந்த வெள்ளைச் சரளைச் சாலைகளைக் காப்பதையும் தன் நோக்கமாகச் சொன்னது. 2005-ல் ஜீரோ தி இத்தாலியா போட்டி ஃபினெஸ்த்ரே கணவாயை முதன்முறையாக ஏறியது. 2178 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாய், அசியெத்தா சாலை தொடங்கும் இடத்துக்கு அருகில், ஓர்சியேரா பூங்காவை ஒட்டி இருக்கிறது. சூசாவிலிருந்து ஏறும் வழியின் கடைசி 8 கிலோமீட்டர் அளவுக்குத் தார் கிடையாது. 2018-ல் கிறிஸ் ஃப்ரூம் முடிவுக்கோட்டுக்கு 80 கிலோமீட்டர் இருக்கையிலேயே அந்தச் சரளையில் தனியே பிரிந்து போய்ப் பட்டத்தைப் பறித்தார். 2025-ல் சைமன் யேட்ஸ் போட்டியை வென்றதும் அதே ஏற்றத்தில்தான். இதற்கிடையே 2022-ல் உலக சைக்கிள் சம்மேளனம் இத்தாலியின் வெனெத்தோவில் முதல் கிராவல் உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது.

கிராவல் சைக்கிளின் உடலமைப்பை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் வாதம் அதில்தான் திரும்புகிறது. பந்தய சைக்கிளைப் போலக் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார், 40 மி.மீ. அளவில் அகலமான டயர், பெரும்பாலும் அதிர்வுதாங்கி இல்லாத முன்கவை. பாறைப் படிகளில் குதித்து இறங்க அது உகந்ததல்ல. அதற்கு வேண்டியது, நீண்டு போகும் அகலமான மண்சாலை. மவுண்டன் பைக் எழுப்பிய சர்ச்சை ஒற்றையடிப் பாதையைப் பற்றியது. கிராவல் எழுப்பும் கேள்வி, ஏற்கனவே காயம்பட்ட நிலத்தைப் பற்றியது.

முதல் விடை: சக்கரமே வேண்டாம்

மிகக் கறாரான விடை அமெரிக்காவினுடையது. 1964-ல் இயற்றப்பட்ட வனாந்தரச் சட்டம், அதன் கீழ் வரும் நிலங்களில் இயந்திரப் போக்குவரத்தைத் தடை செய்தது. அதில் சைக்கிளும் அடங்குமா என்பது நெடுநாள் தெளிவாகவில்லை. 1966-ல் வனத்துறை வகுத்த விதி, உயிரற்ற சக்தியால் ஓடுவதையே இயந்திரப் போக்குவரத்து என்றது. அதன்படி மிதிப்பவருக்குத் தடையில்லை. 1984-ல் அதே வனத்துறை சைக்கிளைப் பெயர் சொல்லியே விலக்கியது. 1987-ல் தேசியப் பூங்காத் துறையும் தன் பாதைகளை, சைக்கிளுக்கென்று அறிவித்தவை தவிர, மூடியது.

இந்த இறுக்கத்துக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட மலை இருக்கிறது: சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்தின் தமால்பையிஸ். அதன் அக்கம்பக்க மலைகளில் 1970-களில் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று நடந்த முதல் ரீபேக் போட்டியிலிருந்து மவுண்டன் பைக்கின் வரலாறு எழுதப்படுகிறது. இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி அதன் கிரீஸ் எரிந்துபோகும்; மறுபடி புதிதாக அடைக்க வேண்டும். போட்டிக்குப் பெயர் வந்தது அப்படித்தான். கவனிக்க வேண்டியது, அந்தப் போட்டி நடந்த இடம் ஒற்றையடிப் பாதை அல்ல, தீயணைப்புச் சாலை. சில ஆண்டுகளில் ஓட்டுநர்கள் சிறு பாதைகளுக்கும் பரவினார்கள். நடப்போரும் குதிரைக்காரர்களும் எதிர்த்தார்கள். வழக்கு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1996-ல் பூங்காத் துறையின் கட்டுப்பாடு செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

இந்த நிலைப்பாட்டின் வேர் மண்ணரிப்பில் இல்லை. மனிதன் தன் காலின் வேகத்திலேயே செல்ல வேண்டிய சில இடங்களாவது உலகில் இருக்கட்டும் என்ற எண்ணத்தில் இருக்கிறது. அது மதிக்கத்தக்க எண்ணம். ஆனால் இரண்டு பலவீனங்கள். குதிரைக்கும் பொதிக்கழுதைக்கும் அங்கே அனுமதி உண்டு. குளம்பு ஈரமண்ணைக் கிளறும் அளவைப் பார்த்தால் சைக்கிளை மட்டும் விலக்குவதற்குச் சூழல் காரணம் சொல்வது கடினம். அடுத்தது இன்னும் முக்கியம். சாலையற்ற நிலமே வனாந்தரம் என்று அந்தச் சட்டம் கொள்கிறது. ஆல்ப்ஸின் இயற்கைப் பூங்காக்களில் கோட்டையும் மாட்டுத்தொழுவமும் பாலாடைக்கட்டி செய்யும் குடிசையும் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. அங்கே இந்த விடையை அப்படியே நடுவதற்கு நிலம் இல்லை. 2018-ல் தடையைத் தளர்த்த முயன்ற மசோதா ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் போனது. சர்வதேச மவுண்டன் பைக் சங்கமே வனாந்தரச் சட்டத்தைத் திருத்தும் முயற்சியை ஆதரிக்கவில்லை.

இரண்டாவது விடை: அகலத்தை அளப்பது

ஐரோப்பாவின் நடுப்பகுதி, சைக்கிளைத் தடுப்பதா விடுவதா என்ற கேள்வியை அளவுநாடாவிடம் ஒப்படைத்தது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1995 முதல், 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது. பக்கத்து ஹெஸ்ஸே மாநிலம் 2012-ல் இதைப் போன்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவர முனைந்து, எதிர்ப்புக்குப் பின் இருதரப்பும் பரஸ்பரம் மதித்து நடக்கும்படியான ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தது. இத்தாலியின் திரென்தினோ, 1993-ல் அகலத்தோடு சரிவையும் சேர்த்துக்கொண்டது: 20 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவும் சைக்கிளின் அளவுக்கே இடமில்லாத குறுகலும் உள்ள பாதைகளுக்குத் தடை.

கிராவல் ஓட்டுநருக்கு இந்த விடை மிகவும் வசதி. அவர் விரும்பும் வழி இயல்பாகவே கோட்டின் அனுமதிக்கப்பட்ட பக்கத்தில் இருக்கிறது. நிர்வாகத்துக்கும் எளிது. ஆனாலும் அகலம் எதை அளக்கிறது என்று கேட்டால் விடை மங்குகிறது. வேர்களும் வளைவுகளும் நிறைந்த குறுகிய பாதையில் சைக்கிள் ஊர்ந்துதான் போக முடியும். நீளமான, அகலமான சரளை இறக்கத்தில் அதே சைக்கிள் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொடலாம். எதிரே வரும் குழந்தைக்கோ கன்றுக்கோ எது ஆபத்து?

ஆஸ்திரியா இதற்கு நேர்மாறான திசையில் போயிருக்கிறது. 1975-ன் வனச் சட்டம் காட்டில் யாரும் உலவலாம் என்கிறது. ஆனால் வண்டி ஓட்ட, சைக்கிள் உட்பட, சாலையைப் பராமரிப்பவரின் சம்மதம் வேண்டும். கிராவலுக்கு ஏற்ற காட்டுச் சாலைகள்தான் அங்கே அடைபட்டிருக்கின்றன. விபத்து நடந்தால் பொறுப்பு யாருக்கு என்ற அச்சமும், வேட்டைக் குத்தகைதாரர்களின் எதிர்ப்பும் இதற்குக் காரணம். திரோல் மாநிலம் 1990-களின் பிற்பகுதியிலிருந்து நில உரிமையாளர்களோடு வழிவாரியாக ஒப்பந்தம் போட்டு, காப்பீட்டுச் சுமையைத் தானே ஏற்று, அடைப்பைப் பகுதி பகுதியாகத் திறந்துவருகிறது. மெதுவான முறைதான். ஆனால் எந்தச் சாலை, யார் பொறுப்பு, எந்தப் பருவம் என்பதை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேச வைக்கிற முறை.

மூன்றாவது விடை: திறந்த மலை

ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம், மோட்டார் இல்லாத எந்த முறையிலும், பொறுப்போடு நடந்துகொள்ளும் நிபந்தனையில், நிலத்தின் மீது செல்லும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தது. 2005-ல் நடைமுறைக்கு வந்த அந்த உரிமையில் சைக்கிளும் அடங்கும். நார்வேயின் 1957 திறந்தவெளிச் சட்டமும் இதே மரபைச் சேர்ந்தது. மலை பொதுச் சொத்து என்ற பழைய நம்பிக்கையே இதன் ஊற்று. மக்கள்தொகை குறைந்த, நிலம் அகன்ற நாடுகளில் அது பெருமளவு வேலை செய்கிறது.

எங்கே வேலை செய்யவில்லை என்பதற்குக் கெய்ர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்கா சான்று. அங்குள்ள பைன் காடுகளில் வாழும் கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி ஸ்காட்லாந்தில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பு சுமார் 540 பறவைகளே மிஞ்சியதாக மதிப்பிட்டது. வேட்டையாடும் விலங்குகள், ஈரமான வசந்தம், சிதறிய காடு என்று இந்த வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. மனித நடமாட்டம் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு ஓட்டுநரும் தனித்தனியே பொறுப்போடு நடந்தாலும், எல்லோரும் சேர்ந்து உண்டாக்கும் தொந்தரவை எந்தத் தனிமனிதரும் உணர முடியாது. பொறுப்பை நம்பும் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். கார்பிரிட்ஜ் கிராமத்தில் மலை சைக்கிள்காரர்களையே அழைத்து உட்காரவைத்து, பறவை இருக்கும் இடங்களை விட்டு எப்படி ஓட்டுவது என்று கலந்துபேசிய முயற்சி, உரிமையைப் பறிக்காமல் அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது.

மண்ணும் விலங்கும்

இந்த மூன்று நிலைப்பாடுகளும் உருவானபோது ஆய்வுத் தரவு மிகக் கொஞ்சம். பிறகு வந்த ஆய்வுகள் யாருக்கும் முழு வெற்றி தரவில்லை.

மண்ணரிப்பில் சைக்கிள் எதிர்ப்பாளர்கள் எதிர்பார்த்த சான்று கிடைக்கவில்லை. 1994-ல் வெளியான வில்சன், சேனி ஆகியோரின் மொன்டானா ஆய்வு, பாதைத் துண்டுகளின் மீது குதிரை, நடப்போர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றை ஓடவிட்டுப் பார்த்தது. குளம்பும் காலணியும் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. 2001-ல் தர்ஸ்டன், ரீடர் இருவரும் கனடாவின் ஒன்டாரியோவில், தொடாத காட்டுத் தரையின் மீது 500 முறை வரை நடக்கவும் ஓட்டவும் செய்து, செடிகளுக்கும் மண்ணுக்கும் நேர்ந்த சேதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. இரண்டும் கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகள். பிரேக்கை இறுக்கிப் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டு இறங்கும் ஓட்டுநரும், மழை நாளில் ஆயிரம் பேர் வந்துபோகும் விழாவும் அவற்றில் இல்லை. 'சைக்கிள் தீங்கற்றது' என்று இவற்றிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். 'நடப்பதைவிட மோசம் என்று காட்டப்படவில்லை' என்பது வரை சொல்லலாம்.

சரளைச் சாலைக்கு இன்னும் பொருத்தமான ஆய்வு சைக்கிளைப் பற்றியதே அல்ல. ரீட், டன் இருவரும் 1984-ல் வாஷிங்டன் மாநிலத்தின் மரம்வெட்டும் சாலைகளை அளந்தார்கள். லாரிகள் இடைவிடாது ஓடும் சாலைத் துண்டிலிருந்து ஓடைக்குப் போன வண்டல், கைவிடப்பட்ட சாலைத் துண்டிலிருந்து போனதைவிட 130 மடங்கு. சாலையின் கேடு பெரிதும் கனத்த போக்குவரத்தைச் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் குறைவு. ஜீப்பை நிறுத்திச் சைக்கிளை விடுவது மண்ணுக்கு நல்லது என்ற வாதம் இதில் உறுதியான காலூன்றுகிறது.

விலங்குகளின் கதை சிக்கலானது. யூட்டாவின் அன்டெலோப் தீவில் டெய்லர், நைட் இருவரும் 2003-ல் காட்டெருமை, மியூல் மான், பிராங்ஹார்ன் ஆகியவற்றைக் கவனித்தபோது, நடப்பவரைக் கண்டும் ஓட்டுபவரைக் கண்டும் அவை கிட்டத்தட்ட ஒரே மாதிரி விலகின. கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவின் பாலைநிலக் காட்டுச் செம்மறிகள் பற்றிய 2001 ஆய்வு இன்னும் வியப்பானது: நடப்பவர்களை எதிர்கொண்டபோது 61 சதவீதம் தடவை ஓடிய அந்த ஆடுகள், சைக்கிளைக் கண்டு ஓடியது 6 சதவீதம் தடவை. வண்டிகளும் சைக்கிள்களும் ஒரே சாலையில் வந்துபோயின. நடப்பவர்கள் எங்கிருந்து முளைப்பார்கள் என்று ஆடுகளால் கணிக்க முடியவில்லை. ஆரிகனின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில் எல்க் மான்கள் இதற்கு மாறாக நடந்துகொண்டன. 2009-ல் வெளியான முடிவின்படி நான்கு சக்கர மோட்டார் வண்டி அவற்றை அதிகம் கலைத்தது, அடுத்தது சைக்கிள், நடப்பதும் குதிரையும் அதற்குப் பின். சைக்கிள் ஒரு நாளில் கடக்கும் தூரம் நடப்பவரைவிடப் பல மடங்கு என்பதை மறக்கக் கூடாது. ஒரு சந்திப்பின் தாக்கம் குறைவாக இருந்தாலும் சந்திப்புகளின் எண்ணிக்கை கூடும்.

2016-ல் வெளியான லார்சன் குழுவின் உலகளாவிய தொகுப்பாய்வு 274 கட்டுரைகளைப் படித்தது. அவற்றில் 93 சதவீதம், மனிதப் பொழுதுபோக்கால் விலங்குகளுக்கு ஏதேனும் ஒரு விளைவைப் பதிவு செய்திருந்தது. மோட்டார் இல்லாத நடமாட்டத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதும் அதன் செய்திகளில் ஒன்று. அதே 2016-ன் ஜூன் மாதம் மொன்டானாவில், பார்வை மறைக்கும் வளைவில் வேகமாக வந்த சைக்கிள்காரர் ஒருவர் கிரிஸ்லி கரடியின் மீது மோதி, அது தாக்கி இறந்தார். வேகமும் ஓசையின்மையும் ஒன்றுசேர்வது சைக்கிளுக்கே உரிய ஆபத்து என்று அந்த நிகழ்வுக்குப் பிறகு வல்லுநர்கள் வலியுறுத்தினார்கள். கரடி இல்லாத ஆல்ப்ஸ் பகுதிகளில் அந்த இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் பசு இருக்கலாம்.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், காலா சக்கரமா என்ற கேள்வி பெற்றிருக்கும் கவனத்துக்குச் சான்றுகள் துணைநிற்கவில்லை. எந்த இடம், எந்த மாதம், எத்தனை பேர், எவ்வளவு வேகம் என்ற நான்கு கேள்விகளுக்குத்தான் தரவு பதில் சொல்கிறது.

நாட்களைப் பங்கிடுதல்

மேற்கு ஆல்ப்ஸின் ராணுவச் சாலைகளில் உருவாகியிருக்கும் நான்காவது விடை, அநேகமாக எந்தத் தத்துவமும் இல்லாமல், நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது. அசியெத்தா சாலை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புதன், சனிக்கிழமைப் பகலில் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகிறது. ராணுவம் போடாத சொம்மெய்யேர் சாலைக்கும் இத்தகைய நாள் உண்டு. இன்னும் தெற்கே, லிமோனே பியெமோந்தேயிலிருந்து மோனேசி வரை 39 கிலோமீட்டர் ஓடும் ஆல்த்தா வியா தெல் சாலே இன்னும் வளர்ந்த வடிவம். சுண்ணாம்புப் பாறை மலைகளின் ஊடாக, 1800 முதல் 2100 மீட்டர் உயரத்தில், மார்குவாரெயிஸ் இயற்கைப் பூங்காவையும் லிகூரிய ஆல்ப்ஸ் பூங்காவையும் தொட்டுச் செல்லும் இந்தச் சாலையில் மோட்டார் வாகனங்களுக்குக் கட்டணம் உண்டு, நாளொன்றுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, செவ்வாய், வியாழன் இரு நாட்கள் முழுத் தடை உண்டு. அந்த நாட்கள் நடப்போருக்கும் சைக்கிளுக்கும்.

இந்த ஏற்பாட்டின் அருமை, அது பழைய சண்டையின் வடிவத்தையே மாற்றிவிடுவது. நடப்பவரும் சைக்கிள்காரரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். எதிர்ப்பக்கத்தில் மோட்டாரின் தூசியும் ஓசையும். பள்ளத்தாக்கு ஊர்களின் விடுதிக்காரர்கள் இரு கூட்டத்தாரிடமிருந்தும் வருமானம் பெறுகிறார்கள். மண்ணரிப்புத் தரவும் இந்தத் திசையைத்தான் ஆதரிக்கிறது.

பலவீனங்களும் உண்டு. மோட்டார் இல்லாத நாளில் சைக்கிள்கள் குவிகின்றன. அலைபேசிச் செயலிகளில் ஒருவர் ஏற்றும் வழித்தடம் ஆயிரம் பேரை அதே வரிசையில் அழைத்துவருகிறது. சாலை மூடிய மணிநேரங்கள் மனிதர்களின் வசதிக்காக வகுக்கப்பட்டவை. விலங்குகளுக்கு முக்கியமான விடியலும் அந்தியும் அவற்றில் இடம்பெறவில்லை. பந்தயங்கள் வேறு. ஜீரோ ஏறும் ஒரே நாளில் ஃபினெஸ்த்ரேயின் புல்வெளியில் கூடும் மக்கள்திரளை எந்த வழக்கமான விதியும் கணக்கில் கொள்ளாது.

மேய்ப்பர், காவல் நாய், மின்மோட்டார்

1990-களில் அப்பென்னைன் மலைகளிலிருந்து ஓநாய்கள் தாமாகவே மேற்கு ஆல்ப்ஸுக்குத் திரும்பின. 2020-21-ல் இத்தாலி நடத்திய தேசியக் கணக்கெடுப்பு, நாட்டின் ஆல்ப்ஸ் பகுதியில் மட்டும் 950-ஐ ஒட்டிய எண்ணிக்கையை மதிப்பிட்டது. ஓநாய் வந்ததும் மந்தையோடு காவல் நாய்களும் வந்தன. வெள்ளை நிறத்தில் பெரிய உடம்போடு, ஆட்டுக்கூட்டத்தோடே பிறந்து வளரும் நாய்கள். வேகமாக நெருங்கும் எதையும் அவை தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளும். மந்தையைக் கண்டால் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டு சுற்றிப் போகுமாறு ஆல்ப்ஸ் பூங்காக்கள் அறிவுறுத்துகின்றன. சரளைச் சாலையை வெறும் விளையாட்டுக் களமாகக் காணும் வழிகாட்டிகளில் மேய்ப்பருக்கு இடமே இருப்பதில்லை. ஆனால் அந்தச் சாலையின் தினசரிப் பயனர் அவர்தான். பாலும் உப்பும் அதன் வழியேதான் போய்வருகின்றன. எந்த விதியை வகுக்கும்போதும் அவரிடம் முதலில் கேட்பதே முறை.

மின்மோட்டார் உதவியுள்ள சைக்கிள் இன்னொரு சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டுமே உதவும் வண்டி, சட்டப்படி சைக்கிள்தான். அமெரிக்க உள்துறை 2019-ல் மின்சைக்கிளைச் சைக்கிளுக்கு இணையாக நடத்த உத்தரவிட்டது. முதியவர்களுக்கும் உடல்வலு குறைந்தவர்களுக்கும் மலை திறக்கிறது என்பது இதன் நியாயமான நன்மை. எதிர்விளைவு, உயரமே இதுவரை இயற்கையாகப் போட்டுவைத்திருந்த வரம்பு அகல்வது. 2500 மீட்டர் முகட்டுக்கு ஏறுவோர் தொகையை இத்தனை காலம் கட்டுப்படுத்தியது எந்தச் சட்டமும் அல்ல, மூச்சுதான்.

இன்னும் திறந்திருப்பவை

இப்போதுள்ள அறிவின்படி, ஏற்கனவே இருக்கும் சரளைச் சாலையில், மோட்டார் போக்குவரத்தைக் குறைத்து, பருவம் பார்த்துச் சைக்கிளை அனுமதிப்பதுதான் மற்ற விடைகளைவிட வலுவாக நிற்கிறது. முழுத்தடை ஆல்ப்ஸின் வரலாற்றோடு பொருந்தவில்லை. அகல விதி எளிது, ஆனால் தவறான பொருளை அளக்கிறது. திறந்த உரிமை, கூட்டு விளைவைக் காண்பதில்லை. நாட்பங்கீடு குறையுள்ளதாயினும் திருத்தத்தக்கது: நாளோடு நேரத்தையும், நேரத்தோடு இனப்பெருக்க மாதங்களையும் அதில் சேர்க்க முடியும்.

ஆனால் இந்த மதிப்பீட்டின் அடியில் ஆய்வுக்கு உட்படாத ஓர் அனுமானம் கிடக்கிறது. தொந்தரவு பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி வட அமெரிக்கப் பாதைகளில், அந்த நிலத்து விலங்குகளைக் கொண்டு நடந்தவை. 2000 மீட்டருக்கு மேலே ஷாமுவா ஆடும் கருங்காட்டுக்கோழியும் வாழும் ஆல்ப்ஸ் புல்வெளியில், அகலச் சாலையில் வரிசையாக வரும் சைக்கிள்களுக்கு அதே முடிவுகள் பொருந்துமா என்பது தனியே பார்க்க வேண்டியது. ஒரு நாளில் எத்தனை என்ற வரம்பும் எங்கும் நம்பிக்கையோடு வரையறுக்கப்படவில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது சாலையின் ஆயுள் பற்றிய கேள்வி. கிராவலின் பெரிய வாதம், சாலை ஏற்கனவே இருக்கிறது என்பது. மலையில் எந்தச் சாலையும் தானாக இருப்பதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் பனிச்சரிவு கொட்டிய கல்லை அகற்றி, அடைந்த நீர்வடிகால்களைத் திறந்து, சரிந்த தாங்குசுவரைக் கட்டினால்தான் அது நிற்கும். வடிகால் அடைந்த சாலை, மழைநீரை ஒரே கோட்டில் சேர்த்துச் சரிவையே அறுத்துவிடும். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் தேசியப் பூங்கா 1978-ல் விரிவுபடுத்தப்பட்ட பிறகு, பழைய மரம்வெட்டும் சாலைகளைப் பணம் செலவழித்து அழித்து, சரிவைப் பழைய வடிவுக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியது. ஆல்ப்ஸில் இந்தத் தெரிவு விவாதத்துக்கே அரிதாகத்தான் வருகிறது. அடுத்த முறை அசியெத்தாவில் ஒரு தாங்குசுவர் சரியும்போது, அதை மறுபடி எழுப்பும் செலவை யார் ஏற்பது, சில வாரக் கோடை ஓட்டம் அதற்குப் போதிய காரணமா, மேய்ப்பருக்கு மட்டும் ஒரு குறுகிய வழியை வைத்துக்கொண்டு மீதியை மலைக்கே விட்டுவிடலாமா என்று பியெமோந்தே பிராந்தியம் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.